ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

தினமும் எட்டு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லாதவர்கள் இல்லை. தம்ளர் எவ்வளவு பெரியது, குடிப்பவர் 45 கிலோவா 90 கிலோவா, வெயிலில் நின்று வேலை செய்பவரா, அறைக்குள் உட்கார்ந்திருப்பவரா என்று யாரும் கேட்பதில்லை. 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட பரிந்துரையிலிருந்து இந்தக் கணக்கு கிளம்பியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்ன அந்தப் பரிந்துரை, அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே சொன்னது. முதல் பாதி ஊரெல்லாம் சுற்றியது. இரண்டாம் பாதி காணாமல் போய்விட்டது.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் உங்களுக்குப் பொருந்தும் எண்ணை இரண்டு வாரத்துக்குள் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அளவுக்கோடு போட்ட ஒரு பாட்டில், ஒரு எடைக் கருவி, கழிப்பறையில் சிறுநீரின் நிறத்தை ஒரு கணம் கவனிக்கும் பழக்கம், இவ்வளவு போதும்.

தொடங்குவதற்கு முன்

கீழே வரும் வழிமுறை ஆரோக்கியமான பெரியவர்களுக்கானது. இதயச் செயலிழப்பு, முற்றிய சிறுநீரக நோய், டயாலிசிஸ், வயிற்றில் நீர் கோக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர்தான் நிர்ணயிக்க வேண்டும். அவர்கள் உடலால் மிகுதியான நீரை வெளியேற்ற முடியாது. அது காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும், மனநலச் சிகிச்சைக்கு லித்தியம் எடுப்பவர்களும் தண்ணீர் அளவைச் சட்டென்று கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். உடலில் நீர் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். தனியாகத் தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு அதிலேயே நிரம்பி, குழந்தை பால் குடிப்பது குறையும். அளவு கூடினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வலிப்பு வரவும் கூடும்.

உடல் கணக்கு வைக்கும் விதம்

பெரியவர்களின் உடல் எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 50 முதல் 60 சதவீதம், தண்ணீர். தசையில் நான்கில் மூன்று பங்கு நீர். கொழுப்பில் நீர் குறைவு. ஒரே எடையுள்ள இருவருக்குத் தேவை வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரண நாளில் மூச்சிலும் தோல் வழியாகவும் நமக்குத் தெரியாமலே சுமார் 800 மில்லி போய்விடுகிறது. மலத்தில் 100 முதல் 200 மில்லி. சிறுநீராக ஒன்று முதல் இரண்டு லிட்டர். வியர்வை தனிக் கணக்கு: குளிர்ந்த அறையில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், வெயிலில் கடுமையாக உழைத்தால் மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டவும் செய்யலாம். வரவுப் பக்கத்தில் குடிப்பது, உணவில் இருப்பது, உணவு எரியும்போது உடலுக்குள்ளேயே உண்டாகும் சுமார் 300 மில்லி என மூன்று.

நீர் குறைந்து ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் அடர்த்தியானாலே மூளையின் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுபிடித்துவிடும். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் வெளிவரும். அது சிறுநீரகத்திடம் தண்ணீரைப் பிடித்து வை என்று சொல்லும் செய்தி. சிறுநீர் குறையும், அடர் மஞ்சளாகும். கூடவே தாகம் எடுக்கும். தாகம் வந்தாலே காலம் கடந்துவிட்டது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஆரோக்கியமான ஒருவருக்குத் தாகம் நல்ல நேரத்தில் வரும் எச்சரிக்கைதான். வேலை மும்முரத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், வயதாக ஆக அது மங்கிப்போவதும்தான் சிக்கல்.

சிறுநீரகத்தின் திறமைக்கும் எல்லை உண்டு. ஒரு நாளின் கழிவை வெளியேற்ற, எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அதற்கு அரை லிட்டர் சிறுநீராவது தேவை. மறுபக்கம், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் அதனால் வெளியேற்ற முடியாது. இந்த இரண்டு எல்லைகளையும் நினைவில் வைத்தால் கீழே சொல்லும் பல விஷயங்களுக்குக் காரணம் தானே விளங்கும்.

உண்மையில் என்ன கிடைக்கும்

தண்ணீரின் பேரில் சொல்லப்படும் நன்மைகளில் உறுதியானவை சில, மிகைப்படுத்தியவை சில. பிரித்துப் பார்ப்பது நல்லது.

மிக உறுதியானது சிறுநீரகக் கல். கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை சிறுநீரில் கரைந்திருக்க முடியாத அளவுக்கு அடர்த்தியாகும்போது படிகமாகின்றன. நீர் கூடினால் அந்த அடர்த்தி குறைகிறது. முதல்முறை கல் வந்தவர்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 1996-இல் வெளியானது. அதில் நாளுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் வரும் அளவுக்குக் குடித்தவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கும் மறுபடி கல் வந்தது. இப்போது சிறுநீரியல் மருத்துவர்கள் கல் வந்தவர்களை நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வரும் அளவுக்குக் குடிக்கச் சொல்கிறார்கள். கவனியுங்கள், இது வெளியே வரும் சிறுநீரின் அளவு. அதற்கு மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பெண்களுக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளான 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், பழைய அளவிலேயே இருந்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. அடிக்கடி சிறுநீர் போவதால் கிருமி சிறுநீர்ப்பையில் தங்கிப் பெருகச் சமயம் கிடைப்பதில்லை. ஏற்கெனவே தொற்று வந்து எரிச்சலும் காய்ச்சலும் இருக்கும்போது தண்ணீரை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. மருந்து வேண்டும்.

மலச்சிக்கலில் தண்ணீர் தனியாகச் செய்வது குறைவு. நார்ச்சத்தோடு சேர்ந்தால்தான் பலன். நார் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து மலத்தை இளக்குகிறது. நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்ட மறந்தால் மலம் இன்னும் இறுகிவிடும். இது பலர் செய்யும் தவறு.

உடல் எடையில் இரண்டு சதவீதம் அளவுக்கு நீர் குறைந்தாலே உடலுழைப்பின் தாங்குதிறன் சரிகிறது. கவனம் சிதறுவதும், தலை பாரமாக இருப்பதும், எரிச்சலும் அதற்குள்ளாகவே தொடங்கிவிடலாம். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுவதற்கும் நீர்க் குறைவு ஒரு பொதுவான காரணம். ரத்த தானம் செய்யுமுன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வது இந்த மயக்கத்தைத் தவிர்க்கத்தான்.

தோல் பளபளக்கும், உடலிலுள்ள நச்செல்லாம் வெளியேறும் என்பவற்றுக்கு இவ்வளவு பலமான ஆதாரம் இல்லை. கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும் எப்போதும் செய்யும் வேலை. தேவைக்கு மேல் நீர் ஊற்றினால் அவை கூடுதலாகச் சுத்தம் செய்யப்போவதில்லை. எடை குறைவதிலும் பலன் சிறியதுதான். இனிப்புப் பானத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் குடித்தால் மட்டும் கலோரிக் கணக்கில் நிஜமான வித்தியாசம் தெரியும்.

படி 1: மூன்று நாள் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாவிவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். தாவாதீர்கள். இப்போது எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று தெரியாமல் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய முடியாது.

நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் தம்ளரை எடுத்து, அளவுக்கோடு போட்ட பாட்டிலிலிருந்து ஊற்றி, அதில் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். விளிம்பு வரை அல்ல, நீங்கள் தினமும் ஊற்றும் மட்டம் வரை. வீட்டுத் தம்ளர்கள் 150 மில்லியிலிருந்து 300 மில்லி வரை இருக்கும். "எட்டு தம்ளர்" என்பது ஒருவருக்கு 1.2 லிட்டராகவும் இன்னொருவருக்கு 2.4 லிட்டராகவும் இருப்பது இப்படித்தான்.

தண்ணீர், தேநீர், காபி, பால், சாறு, சூப் என்று குடிப்பதை எல்லாம் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் கணக்கு கட்டாயம் தப்பும். எத்தனை முறை சிறுநீர் போனீர்கள், நிறம் என்ன என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். மூன்று நாளில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். வேலை நாளில் குறைவாகவும் விடுமுறையில் போதுமான அளவும் குடிப்பவர்கள் நிறையப் பேர். குறை உடலில் இல்லை, வேலை நேர ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது அப்போது தெளிவாகிவிடும்.

படி 2: தொடக்க அளவைக் கணக்கிடுங்கள்

உங்கள் எடையை 30-ஆலும் 35-ஆலும் பெருக்குங்கள். வருவது ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய திரவத்தின் தொடக்க அளவு, மில்லியில். 52 கிலோ என்றால் 1,560 முதல் 1,820 மில்லி. 70 கிலோ என்றால் 2,100 முதல் 2,450 மில்லி.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அளவை ஊதிக் காட்டும். கூடுதல் எடை பெரும்பாலும் நீர் குறைந்த கொழுப்பு என்பதே காரணம். 110 கிலோ உள்ளவர் இதைப் பார்த்து மூன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. இரண்டு முதல் இரண்டரை லிட்டரில் தொடங்கி, படி 4-இல் சொல்லும் அடையாளங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்று சொன்னது. அமெரிக்க நிபுணர் குழுவின் எண்கள் 2.7, 3.7 லிட்டர். இரண்டுமே உணவிலுள்ள நீரையும் சேர்த்த மொத்தம். பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்து வந்துவிடும். வெள்ளரி, தக்காளியில் 95 சதவீதமும், ஆரஞ்சில் 87 சதவீதமும் நீர்தான். காய், பழம் நிறையச் சாப்பிடுபவருக்குக் குடிக்க வேண்டியது குறையும். உலர்ந்த, வறுத்த உணவே அதிகம் என்றால் கூடும். இரண்டு பெரிய அமைப்புகளின் எண்களுக்கே இவ்வளவு இடைவெளி இருப்பதால், எந்த எண்ணையும் மில்லி பிசகாமல் பிடித்துத் தொங்க வேண்டாம். கர்ப்பிணிகள் அந்த ஐரோப்பிய அளவோடு 300 மில்லியும், பாலூட்டும் தாய்மார்கள் 700 மில்லியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மூன்று நாள் சராசரி இந்தத் தொடக்க அளவுக்குப் பக்கத்தில் வந்து, சிறுநீரும் வெளிர் மஞ்சளாகவே இருந்தால் நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். இப்போது குடிப்பதே உங்களுக்குப் போதும்.

படி 3: கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாள் முழுவதும் பிரியுங்கள்

குறைவாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 250 மில்லி கூட்டுங்கள். ஒரே நாளில் ஒரு லிட்டர் கூட்டுபவர் மறுநாள் அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடி, மூன்றாம் நாள் முயற்சியையே விட்டுவிடுவார். மெல்லக் கூட்டினாலும் முதல் சில நாட்கள் கூடுதலாகப் போகத்தான் வேண்டியிருக்கும்.

மொத்த அளவைப் போலவே அதைப் பிரித்துக் குடிப்பதும் முக்கியம். ஒரு லிட்டரை மடமடவென்று குடித்தால் ரத்தம் சட்டென்று நீர்க்கிறது, வாசோப்ரெசின் நின்றுபோகிறது, சிறுநீரகம் அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. அதே லிட்டரை நான்கு மணி நேரத்தில் பிரித்துக் குடித்தால் உடலுக்குப் பயன்படுத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. இரண்டு லிட்டருக்கு ஒரு மாதிரி ஏற்பாடு: எழுந்ததும் 300 மில்லி, காலை உணவோடு 200, நண்பகலுக்குள் 400, மதிய உணவோடு 250, பிற்பகலில் 400, மாலையில் 300, இரவு உணவோடு 150. முக்கால் பங்குக்கு மேல் பிற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். இரவில் சிறுநீருக்காக எழுந்து தூக்கம் கெடாமல் இருக்க அதுதான் வழி. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தாகத்துக்கு மட்டும் குடித்தால் போதும்.

கைபேசியில் மணி வைப்பது முதல் வாரம் பலன் தரும். பிறகு மணி அடிக்கும், அணைப்போம், மறப்போம். தண்ணீர் எட்டும் தூரத்தில் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். எப்படியும் செய்யும் ஒரு காரியத்தோடு சேர்த்துவிடுவது மேல். பல் துலக்கியதும் ஒரு தம்ளர், இருக்கையில் அமர்ந்ததும் பாட்டிலில் கால் பங்கு, கழிப்பறை போய் வந்ததும் நான்கைந்து மடக்கு. பாட்டிலை மேசைக்கு அடியிலோ பைக்குள்ளோ வைக்காமல் கண்ணில் படும்படி வையுங்கள். வெளியே போனால் கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீரைக் குறைக்கிறார்கள். அப்படியான நாளில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து, சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். வெளியே இருக்கும் நேரம் முழுவதும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்காமல், அவ்வப்போது ஓரிரு மடக்கு குடியுங்கள்.

படி 4: சிறுநீரைப் படியுங்கள்

நல்ல நிறம் வெளிர் மஞ்சள், காய்ந்த வைக்கோலின் நிறம். காலையில் முதலில் போவது எப்போதும் அடர்த்தியாகத்தான் இருக்கும். இரவு முழுவதும் குடிக்காமல் இருந்ததன் விளைவு அது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலை பத்து மணிக்குப் பிறகு போகும் சிறுநீரைப் பாருங்கள். அதுவும் அடர் மஞ்சளாகவோ வாடை தூக்கலாகவோ இருந்தால் போதவில்லை. நாள் முழுவதும் பச்சைத் தண்ணீர் போல நிறமே இல்லாமல் போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள், 250 மில்லி குறைக்கலாம்.

பீங்கான் தொட்டியில் தேங்கியிருக்கும் நீரில் கலந்த பிறகு பார்த்தால் எல்லாமே வெளிறித்தான் தெரியும். விழும் தாரையைப் பாருங்கள். சந்தேகம் என்றால் நிறமில்லாத சின்னக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது இன்னும் துல்லியம்.

நிறம் ஏமாற்றவும் செய்யும். பி வைட்டமின் மாத்திரை போட்டால் பளிச்சென்ற மஞ்சளாகும். பீட்ரூட் சிலருக்குச் சிவப்பாக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறமாக்கும். அந்த நாட்களில் எண்ணிக்கையைப் பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஐந்திலிருந்து எட்டு முறை போவது பெரும்பாலோருக்கு இயல்பு. ஆறேழு மணி நேரம் ஒருமுறைகூடப் போகவில்லை என்றால் உடலில் நீர் குறைவு. தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையை முதியவர்களிடம் நம்ப முடியாது. வயதானாலே தோல் தளர்ந்து மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அவர்களுக்கு நாக்கும் வாயின் உட்புறமும் வறண்டிருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

படி 5: நாளுக்கு ஏற்ப மாற்றுங்கள்

வெயிலும் உடலுழைப்பும் உள்ள நாளில் எடைக் கருவிதான் சரியான அளவுகோல். ஒரு மணி நேர உடற்பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, மெல்லிய ஆடையில் எடை பாருங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு, நனைந்த ஆடையை மாற்றி, மறுபடி பாருங்கள். முதலில் 64 கிலோ, பிறகு 63.2, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால் வியர்த்தது 1.3 லிட்டர். ஒரு கிலோ குறைவு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமம். எடை இரண்டு சதவீதத்துக்கு மேல், இவருக்கு 1.3 கிலோ, குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். வியர்த்ததை முழுக்க அப்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. பிறகு, குறைந்த எடைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு நீரை, இங்கே ஒரு லிட்டர் முதல் 1.2 லிட்டர், அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துக் குடிக்கலாம். கூடுதல் மடங்கு எதற்கென்றால், குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும்.

வியர்வையில் உப்பும் போகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். ஆடை காய்ந்ததும் வெள்ளைக் கறை படிபவர்களுக்கு அது கூடுதல். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும். வெயிலில் பல மணி நேரம் வேலை என்றால் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர், இடையில் உப்புள்ள உணவு. எவ்வளவு வியர்த்தாலும் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது.

வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீர் போதாது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து குடலின் சுவரைக் கடக்கும்போதுதான் தண்ணீரும் அவற்றோடு உள்ளே போகிறது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அடிப்படையே அதுதான். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கு கூடும். கண்ணளவில் போடாதீர்கள், அளந்து போடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, டீஸ்பூனால் மெதுவாகப் புகட்டுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

முதியவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். தாகம் மங்கிவிடுகிறது, சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறைகிறது, இரவில் எழ வேண்டுமே என்ற அச்சத்தில் அவர்களே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்காமல் கையில் கொடுங்கள். பெரிய தம்ளர் மலைப்பாக இருக்கும், 120 மில்லி அளவில் பலமுறை கொடுப்பது எளிது. மாத்திரையை ஒரு மடக்கோடு விழுங்கவிடாமல், தடை ஏதும் இல்லை என்றால், முழுத் தம்ளர் குடிக்க வையுங்கள். மாலையில் கால் வீங்குபவர்கள் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால், காலில் தேங்கிய நீர் பகலிலேயே ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிவிடும். இரவில் எழுவது குறையும்.

எங்கே தவறுகிறது

அளவுக்கு மீறிக் குடிப்பது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத வேகத்தில் தண்ணீர் குடித்தால் அது சரிந்து, செல்களுக்குள் நீர் புகுந்து, மூளை வீங்குகிறது. தலைவலி, குமட்டல், குழப்பம், பிறகு வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. உழைப்புக்குப் பிறகு எடை ஏறியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். தண்ணீர் குடிக்கும் போட்டிகளில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

தேநீரும் காபியும் உடலின் நீரை வற்றவைக்கும் என்பது பாதி உண்மை. காஃபின் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் அந்தக் கோப்பையில் உள்ள தண்ணீர் அதைவிட அதிகம். நாளுக்கு மூன்று நான்கு கோப்பை வரை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மது அப்படியல்ல, வாசோப்ரெசினையே அடக்கிவிடுகிறது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமானம் கெடும் என்பதற்கும், நின்றுகொண்டு குடித்தால் மூட்டு வலிக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. குளிர்ந்ததா வெதுவெதுப்பானதா என்பது உங்கள் விருப்பம். எது அதிகம் குடிக்க வைக்கிறதோ அதுவே நல்லது.

சரியாகக் குடித்தும் தாகம் அடங்கவே இல்லை, நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் சிறுநீர் போகிறது என்றால் சர்க்கரை நோய்க்கான பரிசோதனை அவசியம். சிறுநீரில் ரத்தம், தண்ணீர் கூட்டியும் மாறாத தேநீர் நிறம், மஞ்சளாகும் கண், முகம் அல்லது கால் வீக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் தண்ணீர் அளவோடு விளையாடாமல் மருத்துவரைப் பாருங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

தண்ணீரும் பாட்டிலும்

தண்ணீரின் சுத்தத்தில் சந்தேகம் இருந்தால் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அங்கே மூன்று நிமிடம். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் போன்றவற்றை அது நீக்காது. நீர் ஆவியாவதால் அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். ஆறிய நீரை அதே பாத்திரத்தில் மூடி வைத்து, கையோ தம்ளரோ உள்ளே முங்காமல் ஊற்றி எடுங்கள். காய்ச்சிய நீர் மறுபடி கெடுவது பெரும்பாலும் மொள்ளும் கையால்தான்.

தினமும் கையில் இருக்கும் பாட்டிலை வெறும் தண்ணீரில் அலசுவது போதாது. உள்சுவரை விரலால் தடவினால் வழவழப்பாகத் தெரிவது கிருமிகள் கட்டிய படலம். அலசினால் போகாது, தேய்த்தால்தான் போகும். தினமும் சோப்பும் நீண்ட பிரஷும் கொண்டு தேய்த்து, மூடியைத் திறந்து, கவிழ்த்து முழுவதும் காயவிடுங்கள். மூடியின் உட்புறம் உள்ள ரப்பர் வாஷரை வாரம் ஒருமுறை மெல்லிய கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அதன் அடியில்தான் பூஞ்சை கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும். உறிஞ்சுகுழல் உள்ள பாட்டில் என்றால் குழலுக்குள் நுழையும் ஒல்லியான பிரஷ் தனியாக வேண்டும். வாஷரில் கறுப்புப் புள்ளி தேய்த்தும் போகவில்லை, அல்லது அது தளர்ந்து நீர் கசிகிறது என்றால் வாஷரை மாற்றிவிடுங்கள். தனி வாஷர் கிடைக்காவிட்டால் மூடியையே மாற்றுங்கள்.